ஆறு விழுந்தால் ஆள் காலி

ஒரு சின்னக் கேள்வி. ஒரு சிப்பாய், கையில் துப்பாக்கி. எதிரே எழுபத்தைந்து கஜம் தள்ளி இன்னொரு சிப்பாய். சுட்டால் எதிராளி விழுவானா, மாட்டானா?

சினிமாவைக் கேட்டால் இரண்டு பதில் வரும். சுடுகிறவர் ஹீரோ என்றால் ஒரு குண்டுக்கு மூன்று பேர். சுடுகிறவன் அடியாள் என்றால் முந்நூறு குண்டுக்கு ஒரு பூந்தொட்டி. சரித்திரத்தைக் கேட்டால் பதில் இதைவிட விசித்திரமாக இருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடித்து ஒரு பகடையில் ஏற்றிவிட வேண்டும் என்று இருநூறு வருஷமாக ஒரு கூட்டம் ராத்தூக்கம் கெட்டு உழைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் ஆதரவும் சந்தேகம்தான்.

'டேபிள்டாப் வார்கேம்' என்று பெயர். மேஜைமேல் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் பஞ்சில் மரம், அட்டையில் வீடு, நீல ரிப்பனில் ஆறு. நடுவே சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் மூன்று முடி பிரஷ்ஷால் பட்டன் வரைக்கும் பெயின்ட் அடித்திருப்பார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாற்பது ஐம்பது வயது மனிதர்கள், பகலில் ஆபீஸில் ஃபைல் பார்ப்பவர்கள், சனிக்கிழமையானால் இந்த மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, கையில் அளவு டேப்புடன், வாட்டர்லூவை மறுபடி நடத்துகிறார்கள். நெப்போலியன் சில வாரம் ஜெயிக்கிறார்.

பொம்மையை நகர்த்துவது சுலபம். ஒரு முறைக்கு ஆறு அங்குலம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சுடுவதுதான் தகராறு. ஈயச் சிப்பாயின் ஈயத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வராது. யார் செத்தான், யார் பிழைத்தான் என்பதை ஒரு விதி சொல்ல வேண்டும். அந்த விதி சரியா என்று விளையாடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ப்ளே டெஸ்டிங். தமிழில் நமக்கு இதைவிட நல்ல வார்த்தை இருக்கிறது: வெள்ளோட்டம்.

முதலில் கொஞ்சம் வம்சாவளி. நம் சதுரங்கம் பாரசீகம், அரபு தேசம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததில் ஆரம்பம். 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் அந்தக் கட்டங்களைப் பெருக்கி, காடு மலை எல்லாம் சேர்த்து, போர் கற்றுக்கொடுக்கும் விளையாட்டாக்கினார். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தம் ராஜாவுக்கு இழுப்பறை வைத்த ஒரு மேஜையே செய்து கொடுத்தார். நிலப்பரப்பைத் துண்டு துண்டாக அடுக்கிக்கொள்ளலாம். கட்டங்கள் போய்விட்டன. அவருடைய பிள்ளை, ராணுவத்தில் லெப்டினன்ட், 1824-ல் அதைச் செம்மையாக்கி விதிப்புத்தகமாக வெளியிட்டார். ஒரு முறை என்றால் நிஜத்தில் இரண்டு நிமிஷம். சூட்டுக்கும் சண்டைக்கும் விசேஷமாகச் செய்த பகடைகள். தளபதி மூஃப்ளிங் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் பார்க்க உட்கார்ந்தாராம். பாதி ஆட்டத்தில், இது விளையாட்டே இல்லை, போருக்குப் பயிற்சி என்று எழுந்துவிட்டார். ராணுவம் முழுக்கச் சிபாரிசு செய்தார். பிள்ளை ரைஸ்விட்ஸ் மூன்று வருஷம் கழித்து, 1827-ல், தற்கொலை செய்துகொண்டார். 1870-ல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்ததும் மற்ற நாட்டு ராணுவங்கள் எல்லாம் இந்த விளையாட்டைத் தேடி ஓடின. மனிதர் இருந்து பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் (கால யந்திரம் எழுதிய அதே வெல்ஸ்) 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு ஒரு புத்தகம் போட்டார். அவர் பகடைத் தொல்லையே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ப்ரிங் வைத்த பொம்மை பீரங்கியில் மரக்குச்சியைப் போட்டுச் சுட வேண்டியது, விழுந்த பொம்மை செத்தது. காலாட்படையின் துப்பாக்கிக்கு? ஒன்றுமே கிடையாது. பீரங்கி சுடும், மற்றவர்கள் கைகலப்பில் இறங்குவார்கள், அவ்வளவுதான். பிரச்னையைத் தீர்க்கும் வழிகளில் பிரச்னையை மேஜையிலிருந்து எடுத்துவிடுவதும் ஒன்று. நம் ஆபீஸ்களில் பிரசித்தம்.

சரி, நாம் எடுக்காமல் வைத்துக்கொள்வோம். ஒரு விதி எழுதிப் பார்க்கலாம்.

ஆரம்பத்திலேயே ஒரு இடறல். இப்போது பிரபலமாக உள்ள பொம்மை 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது மனிதனை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். நெப்போலியன் காலத்து மஸ்கெட் துப்பாக்கி ஏதோ பிரயோஜனமாகச் சுடும் தூரம் நூறு கஜம் என்றால், அதே கணக்கில் மேஜைமேல் ஐந்து அடி. மேஜையே ஆறுக்கு நாலு. நவீன ரைஃபிளுக்கு ஆயிரம் கஜம் என்று வைத்தால் ஐம்பது அடி. உங்கள் பட்டாளம் பக்கத்து வீட்டு ஹாலில் நின்றுதான் சுட வேண்டும். ஆகவே தூரத்தைச் சுருக்கியே தீர வேண்டும். மேஜையில் ஆளின் உயரத்துக்கு ஒரு அளவு, நிலத்துக்கு வேறு அளவு. எல்லாரும் செய்கிறார்கள், யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

இப்போது முதல் வெள்ளோட்டம். நீங்கள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் உங்கள் சிநேகிதர். ஆளுக்கு 24 பொம்மை. உங்களுடையது வரிசையாக நிற்கிறது, அவருடையது தாக்க வருகிறது. துப்பாக்கி 24 அங்குலம் எட்டும். நடை ஒரு முறைக்கு ஆறு அங்குலம். ஒரு பொம்மைக்கு ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால் எதிரில் ஒருவன் காலி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

24 பகடை உருட்டினால் சராசரியாக எட்டு பேர் விழுவார்கள். சிநேகிதர் 24 அங்குலத்தில் எட்டு பேரைக் கொடுப்பார், 18-ல் எட்டு பேர், 12-ல் எட்டு பேர். கணக்கு தீர்ந்தது. உங்கள் மூக்கைப் பார்க்கக்கூட ஒருவனும் வந்து சேரவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவர் தாக்க மாட்டார். நீங்களும் மாட்டீர்கள். இரண்டு பேரும் எதிரெதிரே வேலி ஓரமாகப் பொம்மைகளை வைத்துவிட்டுக் காபி சாப்பிடலாம்.

இந்த விதி தப்பா? இங்கேதான் எனக்கு இந்த விளையாட்டின்மேல் மரியாதை வந்தது. நெப்போலியனுக்கு இது தப்பு. ஆனால் 1914-லிருந்து 1918 வரை பிரான்ஸில் நடந்தது அப்படியே இதுதான். எழுந்து நடந்தவன் செத்தான், பள்ளம் தோண்டி உட்கார்ந்தவன் கொஞ்சம் தாமதமாகச் செத்தான். 1916 ஜூலை 1-ம் தேதி, ஸோம் நதிக்கரையில், ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் மட்டும் 19,240. காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. பகடையில் 6 மட்டும் என்று இருந்ததை 5-ம் சரி, 6-ம் சரி என்று மாற்றியபோது நாம் நூறு வருஷம் தாண்டிப் போய்விட்டோம். ஒரு எண்தான் மாறியது.

இரண்டாவது வெள்ளோட்டம். 6 விழுந்தால் மட்டும் ஆள் காலி. ஒரு சூட்டுக்குச் சராசரி நாலு பேர். நாலு முறை சுட்டால் பதினாறு. எட்டு பேர் மூச்சிரைக்க வந்து சேர்கிறார்கள், இருபத்துநாலு பேருடன் மல்லுக்கட்ட. மறுபடி யாரும் தாக்க மாட்டார்கள்.

மூன்றாவது. தூரத்தைப் பலமாகக் குறைத்து ஆறு அங்குலம் ஆக்குங்கள். ஒரே ஒரு சூடு, நாலு பேர் போக, இருபது பேர் பாய்கிறார்கள். இப்போது யாரும் நின்று சுடத் தயாரில்லை. இரண்டு பக்கமும் முதல் முறையிலேயே கத்திக்கொண்டு ஓடுகிறது. துப்பாக்கி என்பது பயனெட்டை மாட்டிக்கொள்ள ஒரு கட்டை. ஆக, திருகாணியை இந்தப் பக்கம் திருகினால் உட்கார்ந்துவிடுகிறார்கள், அந்தப் பக்கம் திருகினால் ஓடுகிறார்கள். நடுவில் எங்கேயோ சரியான இடம் இருக்கும் என்று வருஷக்கணக்காகத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நடுவில் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் சராசரி. பகடைக்குச் சராசரி தெரியாது. 24 பகடையில் ஒரு 6 கூட விழாமல் போவதற்கு எண்பதில் ஒரு வாய்ப்பு. எட்டோ அதற்கு மேலோ விழுவதற்கு இருபத்தெட்டில் ஒன்று. அதனால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, 'விதி பிரமாதம்' என்றோ 'விதி குப்பை' என்றோ சொல்கிறவர் பகடையைப் பற்றித்தான் பேசுகிறார். திரும்பத் திரும்ப ஆட வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் லட்சம் முறை உருட்டித் தரும். ஆனால் எந்த இடத்தில் உங்கள் சிநேகிதர் கொட்டாவி விட்டார், எந்த இடத்தில் நாற்காலி நுனிக்கு வந்தார் என்பதை அது சொல்லாது.

சிலர் பகடைகளை அடுக்கி இந்தப் பிரச்னையைச் சமாளிப்பார்கள். 1987-ல் வந்த 'வார்ஹாமர் 40,000' விண்வெளி யுத்த விளையாட்டு இதற்குப் பேர் போனது. சுட்டது பட்டதா என்று ஒரு உருட்டு. பட்டது காயமாயிற்றா என்று இன்னொரு உருட்டு. கவசம் காப்பாற்றியதா என்று எதிராளி மூன்றாவது உருட்டு. சாதாரணச் சிப்பாய்க்குப் பாதி வாய்ப்பில் படும், பாதி வாய்ப்பில் காயம், மூன்றில் ஒரு வாய்ப்பு கவசம் தடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள்: அரை, இன்னொரு அரை, அப்புறம் மூன்றில் இரண்டு. ஆறில் ஒன்று வருகிறது. அதாவது ஒரே பகடையில் 6! மூன்று தடவை உருட்டி, பொறுக்கி, எண்ணி, கட்டிலுக்கு அடியில் போனதைத் தேடி எடுத்து, கடைசியில் நம் இரண்டாவது வெள்ளோட்டத்துக்கே வந்து சேர்கிறோம். கணக்குப்படி வீண். ஆனால் கை நிறையப் பகடையைக் குலுக்கும் சுகமும், கடைசி உருட்டு எதிராளி கையில் இருப்பதால் அவருக்கு வரும் படபடப்பும் ஒற்றைப் பகடையில் கிடைக்காது. இதையும் விளையாடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். காகிதத்தில் தெரியாது.

சரித்திரத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரஷ்யர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நூறு அடி நீளம், ஆறு அடி உயரத்துக்கு ஒரு இலக்கை நிறுத்தி, ஒரு பட்டாளத்தைச் சுடச் சொன்னார்கள். 225 கஜத்தில் நூற்றுக்கு 25 குண்டு பட்டது. 150 கஜத்தில் 40. எழுபத்தைந்தில் 60.

நூற்றுக்கு அறுபது! இதை நம்பிப் பகடை செய்தால் ஒரு மணி நேரத்தில் ஐரோப்பாவில் ஆள் இருக்காது. நிஜப் போரில் குறி தவறாமல் பட்டது இதில் சொற்பம். ஸ்பெயினில் விட்டோரியா போரில் (1813) பிரிட்டிஷ் தரப்பு செலவழித்த தோட்டாவையும் விழுந்த ஆட்களையும் வகுத்து, ஏறக்குறைய 450 குண்டுக்கு ஒரு ஆள் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கர்னல் ஹேங்கர் என்ற ஆங்கிலேயர் 1814-லேயே எழுதிவிட்டார்: மஸ்கெட்டை வைத்துக்கொண்டு இருநூறு கஜத்தில் நிற்கும் ஒருவனைக் குறிபார்ப்பதும் நிலாவைக் குறிபார்ப்பதும் ஒன்றுதான் என்கிற அர்த்தத்தில்.

அறுபது எங்கே, 450-ல் ஒன்று எங்கே? நடுவில் என்னதான் ஆயிற்று?

புகை ஆயிற்று. முதல் சூட்டிலேயே கருமருந்துப் புகை திரை போட்டுவிடும், அதற்கப்புறம் எதிரியின் காலைப் பார்த்துச் சுட வேண்டியதுதான். அவசரம் ஆயிற்று. மருந்தை இடிக்கும் கம்பியை வெளியே எடுக்க மறந்து, அதையும் சேர்த்துச் சுட்டவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இலக்குப் பலகை திருப்பிச் சுடாது. எதிரி சுடுவான்.

1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பிறகு, மைதானத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள். 27,574. அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகளில் இன்னும் மருந்தும் குண்டும் இருந்தன. பாதியில் இரண்டு குண்டு. கால்வாசியில் மூன்றிலிருந்து பத்து வரை. ஒன்றில் இருபத்து மூன்று! ஒருத்தன் குண்டைப் போடுகிறான், இடிக்கிறான், தோளில் வைக்கிறான், சுடாமலேயே இறக்குகிறான், மறுபடி குண்டைப் போடுகிறான். வெடித்ததா இல்லையா என்பதே அந்தச் சத்தத்தில் தெரியவில்லையோ, தெரிந்தும் விரல் மறுத்ததோ. அவன் என்ன ஆனான் என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை. துப்பாக்கி மட்டும் கிடைத்தது.

(இரண்டாம் உலகப் போருக்கப்புறம், 1947-ல், மார்ஷல் என்ற அமெரிக்கர், சண்டையில் நாலில் ஒருவனுக்கு மேல் துப்பாக்கியைச் சுடுவதே இல்லை என்று ஒரு புத்தகத்தில் எழுதி ராணுவ வட்டாரத்தைக் கலக்கினார். பல வார்கேம் விதிகள் அதன்மேல் கட்டப்பட்டன. அவர் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று 1988-ல் தேடிப் போனவர்களுக்கு ஆதாரம் அகப்படவில்லை. புள்ளிவிவரம் கவர்ச்சியாக இருந்தால் யாரும் பில் கேட்பதில்லை.)

ஆகவே விதி எழுதுகிறவன் அளக்க வேண்டியது குண்டு எத்தனை பேரைக் கொன்றது என்பதை அல்லவாம். எத்தனை பேரை நிறுத்தியது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்பதைத்தான். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் பத்து பேருக்குக் கால் வராது.

இதை வைத்துக்கொண்டு நாலாவது வெள்ளோட்டம். தூரம் 12 அங்குலம். பன்னிரண்டில் 6 விழுந்தால் ஒரு அடி. ஆறு அங்குலத்துக்குள் என்றால் 5-ம் 6-ம். யாரையும் மேஜையிலிருந்து எடுக்க வேண்டாம், அடியை எண்ணினால் போதும். சுடப்பட்டவர் உடனே இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அடிகளின் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால் பட்டாளம் நின்றுவிடும். அதில் பாதிக்கும் குறைவு என்றால் பின்னங்கால் பிடரியில் பட ஓட்டம். இன்னொரு சின்ன ஷரத்து: ஒரு முறை சுட்டால், அடுத்த முறை முழுக்க மருந்து போடத்தான் சரியாக இருக்கும்.

சிநேகிதர் வருகிறார். பன்னிரண்டு அங்குலத்தில் நிற்கிறார். இப்போதே சுடலாம். சராசரி நாலு அடி. இரண்டு பகடையில் நாலுக்குக் குறைவாக விழ முப்பத்தாறில் மூன்றே வாய்ப்பு. அவர் வந்துகொண்டே இருப்பார். நீங்கள் மருந்து போட்டுக்கொண்டிருப்பீர்கள். சுடாமல் பொறுத்தால்? ஆறு அங்குலத்தில் சராசரி எட்டு அடி. எட்டுக்குக் குறைவாக விழ முப்பத்தாறில் இருபத்தொன்று! பாதிக்கு மேல் அவர் நின்றுவிடுவார். நிற்காவிட்டால் உங்கள் நெஞ்சில் பயனெட்.

ரொம்ப சுலபமாகப் போயிற்றே, எல்லாரும் பொறுப்பார்களே என்கிறீர்கள். அதற்குத்தான் கடைசி ஷரத்து. பொறுப்பதற்கும் பகடை. 1 அல்லது 2 விழுந்தால் உங்கள் ஆட்கள் உங்கள் உத்தரவைக் கேட்காமல் பன்னிரண்டிலேயே சுட்டுவிடுவார்கள். புதுசாகச் சேர்ந்த பையன்கள் என்றால் 1 முதல் 4 வரை.

இப்போது ஆடிப் பாருங்கள். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, சுடலாமா பொறுக்கலாமா என்று உங்களுக்கு வயிறு பிசைய ஆரம்பிக்கும். 1808 முதல் 1814 வரை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் வெலிங்டனின் காலாட்படை கடைப்பிடித்த வழக்கம் இதுதான்: கிட்ட வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது, ஒரே ஒரு சூடு, உடனே கூச்சல் போட்டுக்கொண்டு பயனெட்டோடு பாய்வது. அப்படிச் செய்யுங்கள் என்று நம் விதியில் எங்கேயும் எழுதவில்லை. ஆடுகிறவர் தானாக அங்கே போய்ச் சேர்கிறார். இப்படி ஆனால்தான் வெள்ளோட்டக்காரர்கள் பென்சிலைக் கீழே வைப்பார்கள்.

வைத்துவிட்டு, பரீட்சைக்கு ஏற்பாடு செய்வார்கள். கேள்வித்தாளை எழுதி வைத்திருப்பது சரித்திரம். எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி, தென்னாப்பிரிக்காவில் 1879 ஜனவரி 22. அன்றைக்கு இஸாண்டில்வானா என்ற குன்றடியில் சுமார் இருபதாயிரம் ஜூலு வீரர்கள், கேடயமும் ஈட்டியுமாக, பிரிட்டிஷ் முகாம் ஒன்றைச் சூழ்ந்தார்கள். முகாமில் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள், அந்தக் காலத்துக்கு அருமையான துப்பாக்கி. சாயங்காலத்துக்குள் முகாமில் 1,300 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அதே சாயங்காலம், பத்து மைல் தள்ளி, ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற இடத்தில் ஏறக்குறைய 150 பேரை மூவாயிரம் நாலாயிரம் ஜூலுக்கள் தாக்கினார்கள். விடிய விடியச் சண்டை. செத்த பிரிட்டிஷார் 17 பேர். அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அங்கே எண்ணப்பட்ட ஜூலு உடல்கள் மட்டும் 350-க்கு மேல்.

அதே ரெஜிமென்ட், அதே துப்பாக்கி, அதே நாள். உங்கள் விதியில் இரண்டும் நடக்க வேண்டும். ரோர்க்ஸ் ட்ரிஃப்டை மட்டும் வைத்து எழுதினால் சூடு அபாரமாகிவிடும், இஸாண்டில்வானா நடக்காது. முதலாவதை மட்டும் வைத்து எழுதினால் இரண்டாவது கூட்டம் பத்து நிமிஷம் தாங்காது. வித்தியாசம் துப்பாக்கியில் இல்லை. ஒரு இடத்தில் நீளமாக, நூல் மாதிரி பரவி நின்றார்கள். இன்னொரு இடத்தில் சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் சுவராக அடுக்கி, தோளோடு தோள் நின்றார்கள். ஆகவே விதியில் மூட்டைக்கு ஒரு எண் வேண்டும், இடைவெளிக்கு ஒரு எண் வேண்டும். அந்த எண்களைக் கண்டுபிடிக்கக் குறைந்தது முப்பது சனிக்கிழமை ஆகும். ஜூலு பக்கம் ஆடுபவருக்கும் ஜெயிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க இன்னும் முப்பது. பழைய விதிகள் பலவற்றில் அவர் செத்துக்கொடுப்பதற்காகவே மேஜைக்கு வந்தவர்.

இவ்வளவுக்கும் அப்புறம் ஒரு கண்டம் பாக்கி. விதியை எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், முன்பின் தெரியாத நாலு பேரிடம் கொடுத்து ஆடச் சொல்ல வேண்டும். கூடவே இருந்தால், "அது அப்படியில்லை ஸார், இப்படி" என்று வாயால் விளக்கிவிடுவார். புத்தகத்துக்கு வாய் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர் நிச்சயம் இருப்பார். உங்கள் ஆபீஸிலும் இருக்கிறார். லீவ் ரூலில் எந்த இடத்தில் கமா விட்டுப்போனது என்று அறிந்து, ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பக்கமும் சேர்த்து எடுத்துக்கொள்பவர். 'ஆறு அங்குலத்துக்குள்' என்றால் பொம்மையின் மூக்கிலிருந்தா, நிற்கும் தட்டின் விளிம்பிலிருந்தா என்பார். சுடுவதாகச் சொல்லிவிட்டு அளக்க வேண்டுமா, அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாமா என்பார். மரத்துக்கு இந்தப் பக்கம் தொப்பி தெரிகிறதே, தொப்பி மனிதனில் சேர்த்தியா என்பார். வெள்ளோட்டத்தில் அவரை வைவார்கள். ஆனால் அவரில்லாமல் புத்தகம் அச்சுக்குப் போனால் ஊரில் உள்ள அத்தனை மேஜையிலும் அவர் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் பொழுதுபோகாதவர் வேலை என்று ஒதுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 1942 மே மாதம் நடந்த ஒன்று தடுக்கிறது. ஜப்பானியக் கடற்படை மிட்வே தீவைத் தாக்கப் போகிறது. யமாட்டோ போர்க்கப்பலில் அதிகாரிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முன்கூட்டியே ஆடிப் பார்த்தார்கள். காலாட்படை இல்லை, கப்பல்களும் விமானங்களும். பகடை அதே பகடை. தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சுக்கு அம்பயர் உருட்டினார். ஒன்பது குண்டு பட்டன, அகாகி, காகா என்று இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் முழுகின என்றார். தலைமை அம்பயராக இருந்த அட்மிரல் உகாகி குறுக்கிட்டார். ஒன்பது இல்லை, மூன்று என்று வைத்துக்கொள்வோம். அகாகி மேலே வந்துவிட்டது. காகா முழுகியதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கட்ட ஆட்டத்தில் அதுவும் மிதந்துகொண்டிருந்தது.

உகாகிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. தீவிலிருந்து பறந்து வந்த பெரிய குண்டுவீச்சு விமானங்கள் நிஜப் போரில் ஒரு குண்டைக்கூடக் கப்பல் மேல் போடவில்லை, ஆகவே எண்ணைக் குறைத்தது சரியே என்பார்கள். அது வாதம், கேட்கலாம். முழுகிய கப்பலைச் சத்தமில்லாமல் மேலே எடுத்ததற்கு என்ன வாதம் என்று எனக்குப் புரியவில்லை. ஜூன் 4-ம் தேதி காலையில், அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் அகாகி மேலும் காகா மேலும் குண்டு போட்டன. அன்றைக்கு உருட்டியதைத் திருத்த யாரும் பக்கத்தில் இல்லை. நாலு விமானந்தாங்கிகளோடு போனார்கள், நாலும் திரும்பவில்லை.

நாலாவது வெள்ளோட்டத்தை நீங்களே செய்து பார்க்கலாம். ஈயச் சிப்பாய்க்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். 48 சட்டைப் பட்டன், இரண்டு நிறத்தில். ஒரு ஸ்கேல். ஆறு முகப் பகடை ஒரு பிடி (தாயக்கட்டை வேலைக்கு ஆகாது, அதற்கு நாலே முகம்). லஞ்ச் நேரத்தில் இரண்டு ஆட்டம் தாராளமாக ஆடலாம். எதிரில் உட்காருபவர் உங்கள் மேலதிகாரியாக இல்லாதிருப்பது நல்லது. முதல் சூட்டைப் பன்னிரண்டில் சுட்டீர்களா, ஆறு வரை பொறுத்தீர்களா என்று ஒரு தபால் கார்டில் எழுதிப் போடுங்கள். 1 விழுந்து ஆட்கள் தாங்களாகவே சுட்டுவிட்டார்கள் என்றால் அதையும் எழுதலாம், நம்புகிறேன்.